சிவப்பு ஒயினையும் குளிர வைக்க வேண்டுமா?

புதுச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி: பிரான்ஸிலிருந்து வந்த உறவினர் போர்தோ சிவப்பு ஒயின் ஒன்றும் ஷாம்பெயின் ஒன்றும் கொடுத்துச் சென்றிருக்கிறார். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில்தான் பரிமாற வேண்டும் என்று கேள்விப்பட்டு, சென்ற முறை அப்படியே ஊற்றியபோது சாராய நெடிதான் தூக்கலாக இருந்தது. வீட்டில் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி மட்டுமே உண்டு. என்ன செய்யலாம்?

குறை ஒயினில் இருந்திருக்க வாய்ப்பில்லை. அறை வெப்பநிலை என்னும் விதி, வீடு முழுவதையும் சூடேற்றும் வசதி பரவுவதற்கு முன்பே ஐரோப்பாவில் வழக்கத்துக்கு வந்தது. நிலவறையில் 12 டிகிரி செல்சியஸ் அளவில் கிடந்த பாட்டிலை, அதைவிடச் சற்றே வெதுவெதுப்பான உணவறைக்கு முன்கூட்டியே எடுத்து வந்து 16 முதல் 18 டிகிரி வரை ஏறவிடுவதையே அது குறித்தது. கோடையில் 32 டிகிரியைத் தொடும் உங்கள் கூடத்துக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே சிவப்பு ஒயினையும் குளிர வைத்தே ஆக வேண்டும்.

வெப்பம் ஏறினால் ஆல்கஹால் விரைந்து ஆவியாகி, பழ வாசனைக்கு முன்பாக மூக்கில் ஏறிவிடுகிறது. நீங்கள் உணர்ந்த நெடி அதுதான். அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலோ வாசனை எழாது. திராட்சைத் தோலிலும் விதையிலுமிருந்து வரும் டானினின் துவர்ப்பு மட்டும் நாக்கைப் பிடிக்கும். டானின் மிகுந்த போர்தோவுக்கு 16 முதல் 18 டிகிரியும், துவர்ப்புக் குறைந்த பொஜொலே போன்றவற்றுக்கு 12 முதல் 14 டிகிரியும் ஏற்றவையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. துவர்ப்பைவிடப் புளிப்பின் புத்துணர்ச்சிக்காக அருந்தப்படும் வெள்ளை ஒயின்கள் 8 முதல் 12 டிகிரிக்குள் நன்றாக இருக்கும்.

சிவப்பு ஒயினை இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது 21 டிகிரி வீட்டில் வாழ்பவர்களுக்கான கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் பாட்டில் 17 டிகிரிக்கு இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், ஒரு வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி எடுத்து, பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். வெறும் பனிக்கட்டி பாட்டிலை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் சேர்ந்தால் இடைவெளியின்றிச் சூழ்ந்துகொள்ளும். ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டால் தண்ணீரின் உறைநிலை தாழ்ந்து, குளிர்ச்சி இன்னும் விரைவாகும். சிவப்பு ஒயினுக்குப் பத்து நிமிடம், வெள்ளைக்கு அரை மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஐயமிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே குளிர வையுங்கள். கிண்ணத்தில் ஊற்றிய ஒயின் நம் ஊர்க் காற்றில் தானாகச் சூடேறிவிடும், சூடேறியதைத்தான் மேசையில் வைத்துக் குளிர்விக்க முடியாது. ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துபோனால் ஒயின் உறைந்து விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். பாட்டிலே விரிசல் விடுவதும் உண்டு.

ஷாம்பெயினில் வெப்பநிலை சுவையை மட்டுமல்ல, பாதுகாப்பையும் சார்ந்தது. பாட்டிலுக்குள் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு அழுத்தம் இருக்கிறது. குளிர்ந்த திரவம் கரியமில வாயுவைத் தன்னுள் நன்றாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். சூடானால் வாயு வெளியேறத் துடிக்கும், கார்க் தெறிக்கும், பாதி நுரையாகத் தரையில் வழியும். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 8 முதல் 10 டிகிரி அளவில் திறங்கள். கம்பியைத் தளர்த்தும்போதே கார்க்கின்மேல் கட்டைவிரல் இருக்க வேண்டும். பிறகு கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும்.

கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், அடிக்கடி சிறிது சிறிதாக நிரப்புங்கள். கிண்ணத்தின் வயிற்றைப் பிடிக்காமல் தண்டைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறாது. ஒயினுக்குள் பனிக்கட்டி போடுவது அவரவர் விருப்பம் என்றாலும், நல்ல போர்தோவை நீர்க்கவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மீந்த சிவப்பு ஒயினைக் கார்க்கால் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து, மூன்று நாள்களுக்குள் முடித்துவிடுங்கள். அருந்துவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும்.