காலில் ரத்தக்குழாய் அடைப்பை ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது, பீடியும் உண்டு, கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, டி-டைமர் எடுத்தால் அடைப்பு தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டி-டைமரில் அது தெரியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய. பணத்தை வாங்கிக்கொண்டு ரத்தம் எடுத்து அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உறைந்த ரத்தம் கரையும்போது வெளிப்படும் புரதத் துண்டுதான் டி-டைமர். அது உதவுவது சிரைக்கு, அதாவது ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குமே, அந்த வகை ரத்தக் கட்டிக்கு. சந்தேகம் குறைவாக இருக்கும் ஒருவருக்கு அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் கீழே வந்தால், சிரையில் கட்டி இல்லை என்று டாக்டர் ஒதுக்கிவிடலாம். காய்ச்சல், ஆபரேஷன், கர்ப்பம், புற்றுநோய், வயது எல்லாமே அதை ஏற்றிவிடும். உங்கள் அப்பாவுக்கு இருப்பதாகச் சந்தேகப்பட வேண்டியது தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைப்பு. அது வருடக்கணக்கில் கொழுப்பு படிந்து குழாய் குறுகுவது. முக்கால்வாசி அடைத்திருந்தாலும் டி-டைமர் நார்மலாக வரலாம்.

சி.கே., மயோகுளோபின் என்றும் சிலர் எழுதிக்கொண்டு வருகிறார்கள். ரத்தம் கிடைக்காமல் தசை செத்துக்கொண்டிருக்கும்போது ஏறுபவை அவை. அப்போது அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்க வேண்டும்.

சரி, எந்த ரத்தப் பரிசோதனையும் வேண்டாமா? வேண்டும், ஆபத்து எவ்வளவு என்று பார்க்க. மூன்று மாதச் சர்க்கரை (எச்பிஏ1சி), கொழுப்பு அளவுகள், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்பு வகையைப் பார்ப்பதும் நல்லது, அது பரம்பரையாக வருவது. பேக்கேஜில் சேர்த்து விற்கும் ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) பரிசோதனைக்காகக் கூடுதல் பணம் கட்டாதீர்கள். வைட்டமின் மாத்திரையால் அதைக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை.

அடைப்பைக் காட்டுவது பி.பி. பட்டைதான். படுக்க வைத்துப் பத்து நிமிடம் கழித்து, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் டாப்ளர் பேனா (ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் சின்னக் கருவி) வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. இந்தப் பரிசோதனையின் பெயர் ஏ.பி.ஐ., அப்படியே கேளுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை. ஒரு எச்சரிக்கை: நாள்பட்ட சர்க்கரையில் தமனி சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும். அப்போது எண் 1.40-ஐத் தாண்டிப் பொய்யாக உயரும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் நீங்களே கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அப்பாவை நடக்கவிடுங்கள். ஏறக்குறைய ஒரே தூரத்தில் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறதா? மறுபடி நடந்தால் மறுபடி வருகிறதா? இதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். "வயசாச்சு, நரம்பு இழுக்குது" என்று தைலம் தேய்த்தே பல மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாதத்தின் மேல்பக்கமும் உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் நாடி துடிக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், அவரே தொடாவிட்டால் கேளுங்கள்.

பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், திடீரென்று ஒரு கால் மட்டும் ஜில்லென்று வெளுத்து, தாங்க முடியாமல் வலித்து, மரத்துப் போனால் எந்த லேபுக்கும் போகாதீர்கள். தசைக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் அவகாசம். ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்கு 108-ல் நேராகப் போய்விடுங்கள். வழியில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், ரத்தம் ஓடாத தோல் சட்டென்று வெந்துவிடும்.