பந்தல் இல்லாத கொடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில், 1927 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் பெட்ரொன்செல்லி ஒயின் ஆலைக்கு அப்பாவை அழைத்துச் சென்றேன். கம்பம் பக்கம் முப்பது வருடம் திராட்சை போட்டவர். பந்தலே இல்லாமல் புதர்போல் நின்ற ஜின்ஃபண்டெல் என்ற திராட்சை ரகத்தின் கொடியைத் தடவிப் பார்த்து, "கவாத்து தெரிந்தவன் கை" என்றார். அவ்வளவுதான் பேசினார். புட்டிகளில் 'பழங்கொடி' (ஓல்ட் வைன், வயதான கொடி) என்று போடுவது உண்மையா, தந்திரமா? இப்படி மரபைக் காக்கும் குடும்பங்கள் இருக்கும்போது, வெள்ளை ஜின்ஃபண்டெல் என்ற சர்க்கரைத் தண்ணீரை விற்பவர்களை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

பழங்கொடிக்கு அமெரிக்கச் சட்டத்தில் வயது வரையறை இல்லை. கொடி நட்ட ஆண்டைக் கேட்டு வாங்குங்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் அருவருப்பு. 1927 என்று எழுதினீர்களே, அது என்ன காலம் என்று யோசித்தீர்களா? அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. மூடிக் கிடந்த ஆலையோடு தோட்டத்தை வாங்கிய ஜொவான்னி பெட்ரொன்செல்லி அப்போது விற்றது ஒயினை அல்ல, பழத்தை. ஒரு வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் பழச்சாறு செய்துகொள்ளலாம் என்று சட்டம் விட்டுவைத்திருந்தது. சாறு தானாகப் புளித்தால் யார் என்ன செய்ய முடியும்? நீங்கள் கும்பிடும் மரபு அந்தச் சந்தில் நுழைந்து பிழைத்தது.

சரி, சர்க்கரைத் தண்ணீருக்கு வருகிறேன். சோனோமாவுக்குப் பக்கத்து நாபாவில் ட்ரிஞ்செரோ குடும்பத்தின் சட்டர் ஹோம் ஆலை, சிவப்பு ஒயின் அடர்த்தியாக வரவேண்டும் என்று தொடக்கத்திலேயே கொஞ்சம் சாற்றை வடித்து, அதைத் தனி ஒயினாக்கி விற்றுவந்தது. 1975இல் அந்தச் சாறு பாதியில் புளிப்பதை நிறுத்திவிட்டது. புளிக்க வைக்கும் ஈஸ்ட் செத்துப்போய்விட்டது, சர்க்கரை மிஞ்சிவிட்டது. ஒதுக்கிவைத்துச் சில நாள் கழித்துச் சுவைத்தால் இனிப்பாக, இளஞ்சிவப்பாக இருந்தது. அப்படியே விற்றார்கள். நீங்கள் திட்டும் வெள்ளை ஜின்ஃபண்டெல் அதுதான். எண்பதுகளில் அமெரிக்கா அதை மொண்டு குடித்தது. சிவப்பு ஜின்ஃபண்டெலைக் கேட்க அதிகம் ஆளில்லாத காலம் அது. பிடுங்கிவிட்டு வேறு ரகம் நட இருந்த எத்தனையோ கிழட்டுக் கொடிகள், அந்த இளஞ்சிவப்புக்குப் பழம் வாங்க ஆள் இருந்ததால் தப்பின. இன்று நீங்கள் மூக்கருகே சுழற்றி மெச்சும் பழங்கொடிச் சிவப்புக்குத் தண்ணீர் ஊற்றியது எது? முகம் சுளிக்கும் முன் இதையாவது தெரிந்துகொண்டிருக்கலாம்.

பெட்ரொன்செல்லியில் 'மதர் குளோன்' என்ற ஒயினைக் கண்டிருப்பீர்கள். தாய்க்கொடிகளில் குச்சி எடுத்து ஒட்டுக் கட்டிய புதுக்கொடிகளின் பழம் அது. அப்பாவின் விரல் நின்ற இடம் இதுவாகக்கூட இருக்கலாம். அடுத்த முறை அறுவடைக்காலத்தில் கூட்டிப் போங்கள். ஒரே குலையில் ஒரு மணி உலர்திராட்சையாகச் சுருங்கியிருக்கும், பக்கத்து மணி பழுத்திருக்கும், அதற்கடுத்தது பச்சையாக நிற்கும். ஜின்ஃபண்டெலின் தொல்லை அது. உங்களுக்கும் எனக்கும் அது வேடிக்கை. அவருக்கு மட்டும் வயிறு கலங்கும்.

அப்படியே ஒன்று கேளுங்கள். விலை விழுந்த வருடங்களில் பந்தலைப் பிரிக்காமல் காப்பாற்றியது எது, பெட்டியில் அடுக்கி அனுப்பிய முதல்தரப் பழமா, ஜூஸ் கடைக்குப் போன உதிரியா? அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.