சர்பத்திலிருந்து மொஹிட்டோ வரை: வீட்டுல கலக்குறவங்களுக்குக் கேள்வி பதில்

மதுரையில எங்க தாத்தா தள்ளுவண்டியில சர்பத் வித்தவர். நான் ஒரு ஓட்டல்ல பானம் கலக்குற மேடைக்குப் பின்னாடி 11 வருஷம் நின்னேன். இப்ப வீட்டுல சிரப் காய்ச்சிக்கிட்டு இருக்கேன். மது கலக்காத பானங்கள் பத்தி நீங்க அனுப்பின கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன். கேட்டவங்க பேர் வேண்டாம், ஊர் போதும்.

கோயம்புத்தூர்: அண்ணா, எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரைனு எல்லாம் போட்டுத்தான் கலக்குறேன். ஆனா கடைசியில ஏதோ ஜூஸ் குடிச்ச மாதிரிதான் இருக்கு. ரெண்டாவது கிளாஸ் திகட்டுது. எங்க தப்பு பண்றேன்?

நீங்க மட்டும் இல்ல, முக்கால்வாசிப் பேர் இங்கதான் சறுக்குறாங்க. மது சேர்த்த கலவையில இனிப்பும் புளிப்பும் மட்டும் இருக்காது. மது தொண்டையில ஒரு எரிப்பு கொடுக்கும், நாக்குல ஒரு கசப்பு கொடுக்கும். அதை எடுத்துட்டா அந்த இடம் காலி. அந்தக் காலி இடத்துல நாம இன்னும் கொஞ்சம் சர்க்கரையை ஊத்துறோம். திகட்டாம என்ன செய்யும்?

அறுசுவைல நாம மறந்துபோற சுவை துவர்ப்பு. வாயை லேசா இழுத்துப் பிடிச்சு "அடுத்த மடக்கு குடி"னு சொல்றது அதுதான். துவர்ப்புக்குச் சுலபமான வழி பால் விடாத டீ. 200 மில்லி கொதிச்ச தண்ணியில ரெண்டு ஸ்பூன் டீத்தூள், 4 நிமிஷம், வடிகட்டி ஆற விடுங்க. 60 மில்லி டீ, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி இஞ்சி சிரப், ஒரு சிட்டிகை உப்பு, கிளாஸ் நிறைய ஐஸ், மேல 60 மில்லி சோடா. இதைக் குடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க. டீயை ஃபிரிட்ஜ்ல வெச்சா சில சமயம் கலங்கிப் போகும். கெட்டுப்போகல, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டா தெளிஞ்சிரும்.

இஞ்சி சிரப்புக்கு ஒரு சூட்சுமம். இஞ்சியை அரைச்சுப் பிழிஞ்ச சாறை ஒரு கால் மணி நேரம் ஆடாம வைங்க. அடியில வெள்ளையா மாவு படியும். மேல தெளிஞ்சதை மட்டும் இறுத்துச் சர்க்கரையோட சேருங்க. இல்லன்னா சிரப் கூழ் மாதிரி ஆயிடும்.

உண்மையில நம்ம பாட்டிங்க இதை எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்க. ராமநவமிக்குக் கரைக்கிற பானகத்துல வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், துளி உப்பு, கடுகளவு பச்சைக் கற்பூரம். இனிப்பு, புளிப்பு, காரம், உப்பு, வாசனை எல்லாம் இருக்கு. நான் ஓட்டல்ல வெளிநாட்டுக்காரங்களுக்குப் பெரிய கிளாஸ்ல ஐஸ் போட்டுப் பானகம் கொடுத்திருக்கேன். என்ன மது சேர்த்தீங்கன்னு கேட்டவங்க உண்டு.

விருதுநகர்: நன்னாரி வேர் கால் கிலோ வாங்கி அரை மணி நேரம் கொதிக்க வெச்சேன். வீடு பூரா மணந்துச்சு. சர்பத்துல மட்டும் வாசனையே இல்ல.

வீடு பூரா மணந்துச்சுல்ல, அங்கதான் போச்சு. நன்னாரியோட வாசனை ஆவியில பறக்குற வகை. அந்த வாசனைப் பொருளும் வெனிலாவோட வாசனைப் பொருளும் வேதியியல்ல அண்ணன் தம்பி மாதிரி. முகர்ந்து பார்த்தா உங்களுக்கே தெரியும். அதைக் கொதிக்க வெக்கவே கூடாது.

50 கிராம் வேரைக் கழுவி லேசா இடிங்க. நடுவுல இருக்குற கட்டை நரம்பை எடுத்துப் போட்டுருங்க, மணமெல்லாம் தோல்லதான். 600 மில்லி தண்ணியைக் கொதிக்க வெச்சு, அடுப்பை அணைச்ச பிறகு வேரைப் போட்டு இறுக மூடி ராத்திரி பூரா விடுங்க. காலையில துணியில வடிகட்டினா 500 மில்லி கிட்ட நிக்கும். அதுல ஒரு கிலோ சர்க்கரை போட்டு, சின்ன தீயில கரையுற வரைக்கும் மட்டும் கிண்டி இறக்குங்க. அரை எலுமிச்சை பிழிஞ்சா பாட்டில்ல சர்க்கரை கட்டி கட்டாது. நிறம் வெளிர் பழுப்பாத்தான் வரும். கடையில பார்க்குற கருஞ்சிவப்பு வரலையேன்னு கவலைப்படாதீங்க, அந்த நிறம் வேரோடது இல்ல.

சென்னை: சோடா ஊத்தின அஞ்சு நிமிஷத்துல புஸ்ஸுனு போயிடுது.

எல்லாமே சில்லுனு இருக்கணும், சிரப் உட்பட. 5 டிகிரித் தண்ணி, 25 டிகிரித் தண்ணியைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு கேஸைப் பிடிச்சு வெச்சிருக்கும். அப்புறம் சோடா எப்பவும் கடைசி. கிளாஸைச் சாய்ச்சு ஓரமா ஊத்தி, நீள ஸ்பூனால அடியிலிருந்து ஒரே ஒரு தூக்கு. உப்பு, சர்க்கரைத் தூளைச் சோடா மேல தூவுனா பொங்கி வழிஞ்சு கேஸ் மொத்தமும் போயிடும். எல்லாத்தையும் முதல்லயே சிரப்புல கரைச்சிருங்க.

கேஸுக்கு எவ்வளவு பலம்னு தெரியணும்னா கோலி சோடா பாட்டிலைப் பாருங்க. 1872-ல ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கின அமைப்பு அது. மூடி கிடையாது, உள்ள இருக்குற கேஸே கோலியை மேல தள்ளி ரப்பர் வளையத்துல அடைச்சு நிக்கும்.

கேட்காம ஒண்ணு சொல்றேன்: 25 மில்லி சர்க்கரைப் பாகு, ஒரு டீஸ்பூன் பன்னீர், சோடா. பன்னீர் சோடா ரெடி. பன்னீர் சமையலுக்கானதா இருக்கணும், கல்யாணத்துல தெளிக்கிறது இல்ல.

திருச்சி: ப்ரோ, புளூ மொஹிட்டோ கடை டேஸ்ட்ல எப்படி? நான் புதினாவை மிக்ஸில அடிச்சேன், கசக்குது.

தம்பி, புதினாவை அரைச்சா பச்சை வாடையும் கசப்பும்தான் வரும். 10 இலையை உள்ளங்கையில வெச்சு ஒரு தட்டு தட்டிக் கிளாஸ்ல போடு, 20 மில்லி பாகு ஊத்தி மத்தால மெதுவா ரெண்டு அழுத்து, போதும். எலுமிச்சையைத் தோலோட போட்டு நசுக்காதே, வெள்ளைத் தோல் கசக்கும். 15 மில்லி சாறு, ஐஸ், 120 மில்லி சோடா. பிழிஞ்ச சாறும் நேரமாக ஆகக் கசப்பு ஏறும், அன்னன்னைக்குப் பிழி.

கியூபாவுல பிறந்த மொஹிட்டோல நீலமே கிடையாது. நீலம் வர்றது புளூ குராசோங்குற சிரப்பால. கடையில ஊத்துற மது இல்லாத வகை, ஆரஞ்சு வாசனை போட்ட நீலக் கலர், அவ்வளவுதான். உனக்கு நீலம்தான் வேணும்னா 10 சங்குப்பூவைப் பச்சைக் காம்பைக் கிள்ளிட்டு 100 மில்லி வெந்நீர்ல போடு. கருநீலமா இறங்கும். சோடா, பாகு, ஐஸ் போட்ட கிளாஸ்ல அதை ஊத்தி, எல்லார் முன்னாடியும் எலுமிச்சையைப் பிழி. ஊதாவா மாறும். காலேஜ்ல நல்லா பேர் வாங்கலாம்.

டொரோண்டோ: அண்ணை, யாழ்ப்பாணத்திலை நெல்லிக் கிறஷ் குடிச்சு வளந்தனாங்கள். இஞ்சை உறைஞ்ச நெல்லிக்காய்தான் கிடைக்குது. அதிலை செய்யேலுமோ? கருப்பணியிலை வெறி இருக்கோ எண்டும் மகன் கேக்கிறான்.

தாராளமா செய்யலாம் அக்கா. உறைஞ்ச காய் இன்னும் வசதி, உருகும்போதே தசை குழைஞ்சு சாறு நல்லா விடும். அரைக் கிலோ காயைக் கொட்டை எடுத்து 200 மில்லி தண்ணி விட்டு அரைச்சுப் பிழியுங்க. அதுக்கு 600 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு இஞ்சி. சர்க்கரை கரைஞ்சதும் இறக்கி ஃபிரிட்ஜ்ல வைங்க. இரும்புச் சட்டியில மட்டும் வேண்டாம், நெல்லியோட துவர்ப்பு இரும்பைத் தொட்டா கறுத்துப் போகும். எனக்குக் கேட்டா, மது இல்லாத பானத்துக்கு நெல்லியை மிஞ்சின காய் இல்ல. புளிப்பும் துவர்ப்பும் ஒரே காய்ல.

கருப்பணி, எங்க ஊர்ல பதநீர். முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவி இறக்குறதால நொதிக்காது, வெறி வராது. சுண்ணாம்பு இல்லாம இறக்கினா கொஞ்ச நேரத்துலயே நொதிச்சுக் கள்ளாகும். சுண்ணாம்பு போட்டதையும் அன்னைக்கே குடிச்சிரணும்.

சேலம்: ஷேக்கர் வாங்கணுமா?

வேண்டாம். இறுக மூடுற எவர்சில்வர் தூக்கோ திருகு மூடிப் பாட்டிலோ போதும். சோடாவை மட்டும் உள்ள ஊத்திக் குலுக்கிடாதீங்க. சமையலறைச் சுவருக்கு நான் பொறுப்பில்ல.

ஊர் சொல்ல வேண்டாம்னு கேட்ட ஒரு தங்கச்சி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் குடியை விட்டு எட்டு மாசம் ஆகுது. சாயங்காலம் ஏழு மணி ஆனா தவிக்கிறார். ஆல்கஹால் இல்லாத பீர் வாங்கித் தரலாமா?

வேண்டாம்மா. "ஆல்கஹால் இல்லாதது"ன்னு விக்கிறதுலயே 0.5 சதவீதம் வரைக்கும் இருக்கிற வகைகள் உண்டு. அளவைவிட, அதே வாசனையும் அதே நுரையும் பழைய ஞாபகத்தைக் கிளப்பும், அதுதான் எனக்குப் பயம். குடியை விடுறதுக்காக டாக்டர் டைசல்ஃபிரம்ங்கிற மாத்திரை கொடுத்திருந்தா துளிகூட ஆகாது, உடம்பு மோசமாகும். சில ரெசிப்பில "ரெண்டு சொட்டு பிட்டர்ஸ்"னு எழுதியிருப்பாங்க, மதுவுல மூலிகை ஊற வெச்ச கசப்புச் சாரம் அது. அங்கஸ்டூரா பிட்டர்ஸ்ல 44.7 சதவீதம் ஆல்கஹால். அதையும் வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க.

குடியோட சம்பந்தமே இல்லாத சுவையாக் கொடுங்க. நீர்மோர்ல நார்த்தை இலை, இஞ்சி, கீறின பச்சை மிளகாய், பெருங்காயம். பழைய கிளாஸ்ல இல்ல, செம்புல. இன்னொண்ணு, ஏழு மணிக்கு நீங்க கலந்து நீட்டாதீங்க. இஞ்சி தட்டுறது, இலை கிள்ளுறது, ஆத்துறது எல்லாம் அவரே செய்யட்டும். அந்த நேரத்துல கைக்கு ஒரு வேலை இருக்கணும். தவிப்பு ரொம்ப இருந்தா அவரைப் பார்க்கிற டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது என் கிளாஸுக்குள்ள அடங்குற விஷயம் இல்ல.

தஞ்சாவூர்: அப்பாவுக்குச் சுகர். நாட்டுச் சர்க்கரை போட்டுக் கொடுக்கலாமா?

நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாமே ரத்தத்துல சர்க்கரையை ஏத்தும். அப்பாவுக்கு இனிப்பில்லாம எலுமிச்சை, இஞ்சி, புதினா, சோடா கொடுங்க. பிரஷர் இருந்தா உப்பையும் குறைங்க.

ஈரோடு: ரோஸ் மில்க்ல எலுமிச்சை பிழியலாமா?

பனீர் கட்டி வேணும்னா பிழியுங்க.

திருநெல்வேலி: மக வளைகாப்புக்கு 40 பேர் வர்றாங்க. ஒருத்தர் ஒருத்தருக்கா கலக்க முடியாது. என்ன செய்ய, எவ்வளவு வாங்க?

வெயில்ல ஆளுக்கு ஒன்றரை கிளாஸ்னு வைங்கக்கா, 60 கிளாஸ். நன்னாரி சிரப் கிளாஸுக்கு 25 மில்லி, ஆக ஒன்றரை லிட்டர். எலுமிச்சைச் சாறு 10 மில்லி வீதம் 600 மில்லி, பழம் ஒரு 40. சோடா 100 மில்லி வீதம் 6 லிட்டர், முக்கால் லிட்டர் பாட்டில்னா 8. ஐஸ் 12 கிலோ, பாதி உருகித்தான் போகும். சப்ஜா 100 கிராம், கால் மணி நேரம் முன்னாடி ஊற வைங்க.

சிரப், சாறு, கொஞ்சம் உப்பு மூணையும் காலையிலேயே ஒரு குடத்துல கலந்து குளிர வெச்சிருங்க. சோடாவை அதுல ஊத்திடாதீங்க. பந்தி எழுந்திரிச்சதும் கிளாஸ்ல ஐஸ், ஒரு ஸ்பூன் சப்ஜா, 35 மில்லிக் குழிக்கரண்டியால ஒரு கரண்டி கலவை, மேல சோடா. ரெண்டு பசங்களை நிறுத்துனா பத்து நிமிஷத்துல 40 கிளாஸும் போயிடும். மகளுக்கு மட்டும் ஐஸ் கம்மியா, சோடாவுக்குப் பதிலாத் தண்ணி ஊத்திக் கொடுங்க. மாசமா இருக்கிறவங்களுக்குச் சோடா வயித்தை உப்பச் செய்யும்.