டாட்டூ ஆர்டிஸ்ட் ஆக எத்தனை நாள் ஆகும்? (வட சென்னையிலிருந்து ஒரு பதில்)

கேட்டவர் தண்டையார்பேட்டை. தனக்கு நன்றாக வரைய வரும், டாட்டூ கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும், அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்கிறார்.

வரைய வரும் என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எனக்கும் வரும். அப்பா காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர், பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றி வளர்ந்தவன் நான், எழுத்து நம் கையில் இருக்கிறது என்ற திமிரோடுதான் இந்த வேலைக்கு வந்தேன். 15 நாளில் சர்டிஃபிகேட் தருகிறோம் என்ற ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) பணத்தைக் கட்டி, சிலிகான் தோலில் நாலு ரோஜா போட்டுவிட்டு வெளியே வந்து, நண்பன் ஒருவனுடைய மணிக்கட்டின் உட்பக்கத்தில் "அம்மா" என்று போட்டேன். மறுநாள் பார்த்தால் எழுத்தைச் சுற்றி நீலமாக ஒரு புகை, ஈரக் காகிதத்தில் பேனா மை இழுத்த மாதிரி. அந்த இடத்தில் தோல் மெல்லிசு, நான் ஊசியை அழுத்தி இறக்கியிருக்கிறேன். இறங்க வேண்டியது ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு மில்லிமீட்டர். மேலாகவே நின்றால் தோல் உரியும்போது மையும் கூடவே போய்விடும், கொழுப்பு வரைக்கும் போனால் இப்படித்தான் பரவும். நண்பன் மன்னித்துவிட்டான். அவன் அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அப்புறம்தான் வண்ணாரப்பேட்டையில் ஒரு அண்ணன் கடையில் போய் உட்கார்ந்தேன். ஆறு மாதம் கூட்டுவதும் துடைப்பதும் குப்பையில் ஊசியைத் தனியாகப் பிரித்துப் போடுவதும்தான் வேலை. மெஷின் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்த என்னை அவர் ஒருநாள் திட்டினார்: "டேய், இடது கையப் பாருடா." தோலை மேளம் மாதிரி இழுத்துப் பிடிப்பது அந்தக் கைதான், அது தளர்ந்தால் கோடு நடுங்கும். தனியாக ஒரு கஸ்டமரை என்னிடம் விட ஒன்றரை வருடம் ஆனது.

தமிழ் எழுத்து கேட்டு வருகிறவர்கள்தான் இந்தப் பக்கம் அதிகம். விரலில் பொடியாக வேண்டும் என்பார்கள். எங்கள் ஆயாவின் முன்கையில் குறத்தி குத்திய கோலம் ஒன்று இருக்கிறது. மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்து எரித்த கரியில் குத்தும் பழைய பச்சை. குத்தும்போது தனித்தனிப் புள்ளியாம், இப்போது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எந்த மையும் வருஷம் போகப் போக உள்ளே கொஞ்சம் அகலும். அதனால் ண, ஞ மாதிரி சுழி உள்ள எழுத்தைச் சின்னதாகப் போட்டால் சுழி அடைத்து வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும். ஆயாவின் கையை போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன், அடம் பிடிப்பவர்களுக்குக் காட்டுவேன்.

காசிமேட்டு அண்ணன்மார்கள் வேறு வகை. "இன்னா தம்பி, இன்னைக்கே போட்டுடு, காலைல கடலுக்குப் போறேன்" என்பார்கள். புதுக் காயத்தில் உப்புத் தண்ணியும் வெயிலும் படவே கூடாது, மேல்தோல் ஆறவே இரண்டு மூன்று வாரம் ஆகும். "தடைக்காலத்துல வாங்கண்ணா" என்று அனுப்பிவிடுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு போகாது. அந்த இரண்டு மாதம் கடையில் உட்கார இடம் இருக்காது.

திருப்பி அனுப்பும் இன்னொரு கூட்டம், ராணுவத்துக்கு ஓடிப் பழகிக்கொண்டே கழுத்தில் சிங்கம் கேட்கும் பையன்கள். பழங்குடியினருக்கு விலக்கு உண்டு, மற்றவர்களுக்கு முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறெங்கும் நிரந்தர டாட்டூ இருக்கக்கூடாது. அந்தக் காசு எனக்கு வேண்டாம்.

பிழைப்பு? முதல் இரண்டு வருடம் வீட்டில் சோறு போட ஆள் இருந்தால் சரி. எங்கள் ஏரியாவில் ஒரு பெயருக்கு ஆயிரம் ரூபாய் கேட்டாலே பேரம் பேசுவார்கள், அதில் கார்ட்ரிட்ஜ் (மெஷினில் மாட்டும் ஊசி), கிளவுஸ், மை எல்லாம் நம் செலவு. பெரிய வேலை மாதத்துக்கு நாலு விழுந்தால் வாடகை பயமில்லை. மழை மாதங்களில் நானும் அப்பாவோடு கடைகளுக்கு போர்டு எழுதப் போவேன்.

ஏப்ரலில் கடைக்குக் கூடுதலாக ஒரு ஆள் தேவைப்படும். கூட்டித் துடைப்பதில் ஆரம்பிக்கச் சம்மதம் என்றால் வந்து பாருங்கள்.