மிளகு பிறந்த மண்ணில் விளையும் மிளகு, வியட்நாம் மிளகுடன் விலையில் போட்டியிட முடியாதது ஏன்?

முதன்மைக் காரணம் மண்ணோ மழையோ அன்று, சாகுபடி முறையே. வயநாடு, குடகு, இடுக்கி மலைகளில் மிளகுக்கொடி பெரும்பாலும் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களிலும் பாக்கு மரங்களிலும் ஊடுபயிராக ஏறுவதால், எக்டேருக்குச் சில நூறு கிலோ மட்டுமே கிடைக்கிறது. வியட்நாமின் டாக் லாக், யா லாய் மாகாணங்களிலோ கம்பங்களை நெருக்கமாக நட்டு, பாசனமும் உரமும் தாராளமாக அளித்துத் தனிப்பயிராக வளர்ப்பதால், 2 டன்னுக்கும் மேல் எடுக்கிறார்கள். பறிகூலி இங்கே உயர்ந்திருப்பதும் கிலோவுக்கான செலவை இன்னும் ஏற்றிவிடுகிறது.

இதனால்தான் மலிவான இறக்குமதியைத் தடுக்க, 2017 டிசம்பரில் இந்திய அரசு மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது.

ஆயினும் விளைச்சலை மட்டுமே போட்டித்திறனாகக் கொள்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. 2015க்குப் பின் விலை சரிந்தபோது, கடன் வாங்கி மிளகை மட்டுமே நம்பியிருந்த வியட்நாம் விவசாயிகள் பலர் நொடித்துப்போனார்கள். நெருக்கமான நடவில் வாடல் நோயும் வேகமாகப் பரவியது. நம் மலைத்தோட்டக்காரருக்கோ மிளகோடு காப்பி, பாக்கு போன்ற வேறு பயிர்களும் இருந்தன. ஆகவே வியட்நாமைப் போலத் தனிப்பயிருக்கு மாறுவதைவிட, நோய் தாங்கும் கொடிகளாலும் முறையான வடிகாலாலும் ஊடுபயிரின் விளைச்சலை உயர்த்துவதே இங்குள்ள சிறு விவசாயிக்குப் பொருத்தமான வழி.