தினமும் பைக்கில் வைத்துக்கொள்ள எந்த முதலுதவிப் பொருட்கள் வாங்கலாம்?

பல்லடத்திலிருந்து திருப்பூருக்குத் தினமும் பைக்கில் போகிறேன், வழியில் விபத்தைப் பார்த்தால் உதவ என்ன வைத்திருக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி.

பிளாஸ்திரியும் பஞ்சும் சிராய்ப்புக்குத்தான். ரத்தம் பீறிட்டால் அவை உதவாது. மருந்துக்கடையில் கையுறை இரண்டு ஜோடி, ஸ்டெரைல் காஸ் (கிருமி நீக்கிய வலைத்துணி) நான்கைந்து பாக்கெட், 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ், முனை மழுங்கிய கத்தரிக்கோல் வாங்குங்கள். மழையில் நனையாதபடி ஜிப் கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

108-ஐ அழைத்துவிட்டு, கை காலில் ஆழமான காயம் என்றால் காஸை உள்ளே திணித்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்க்கவே கூடாது. நெஞ்சு, வயிற்றுக் காயத்தில் எதையும் திணிக்காதீர்கள்.

அப்படியும் கை காலில் ரத்தம் நிற்காவிட்டால் டூர்னிக்கெட், அதாவது குச்சியால் முறுக்கி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை, தேவை; அதையும் வாங்கி வையுங்கள். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கடுமையாக வலிக்கும், அதற்காகத் தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவு நகல்களில் முறுக்கும் குச்சி உடைந்துவிடும், இதில் மட்டும் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம், போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்காதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது.