செலக்டர் மூடியிருந்தும் எஞ்சின் ஓடியது எப்படி?

கேள்வி: செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானத்தில் ஓட்டப் பழகுகிறேன். எங்கள் பயிற்சிப் பள்ளியில் ஒருவருக்கு டேக்-ஆஃப் ஆகி 300 அடி ஏறியதும் எஞ்சின் நின்றுவிட்டது. நல்லவேளை, எதிரே இருந்த வயலில் இறக்கிவிட்டார். ஃப்யூயல் செலக்டர், அதாவது எந்தத் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ், 'ஆஃப்'பிலேயே இருந்ததாம். அப்படியானால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகியே இருக்கக் கூடாதே? எனக்கு இப்படி நேராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: ஸ்டார்ட் ஆகும், தரையில் உருண்டு ரன்வே வரைக்கும் (டாக்ஸி) போகும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. செலக்டரை மூடினாலும் அதற்குப் பிறகு உள்ள குழாயிலும் வடிகட்டியிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருக்கும். ஐடிலில், அதாவது குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போது, எஞ்சின் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும் என்பதால் அந்தக் கொஞ்சமே சில நிமிடங்களுக்குப் போதும். ரன்வேயில் முழு திராட்டில் கொடுத்ததும் மிச்சம் மளமளவென்று காலியாகிவிடும். காலியாகும் நேரத்தில் நீங்கள் ஆகாயத்தில் இருப்பீர்கள்.

ஆகவே, எஞ்சின் ஓடுகிறது என்பதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். செலக்டர் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தரையில் இருக்கிறது; இருந்த இடத்திலிருந்து பார்த்தால் எளிதில் கண்ணில் படாது. குனிந்து, குமிழைக் கையால் பிடித்து, முள் 'போத்' (இரண்டு தொட்டிகளும்) என்ற எழுத்துக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சரியான இடத்தில் 'க்ளிக்' என்று உட்காருவது விரலுக்கே தெரியும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு தடவை, ரன்-அப்புக்கு (டேக்-ஆஃபுக்கு முன் எஞ்சினை வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு) முன் இன்னொரு தடவை. ரன்-அப்புக்குப் பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. மறதி பெரும்பாலும் நுழைவது செக்லிஸ்ட்டின் நடுவில். ரேடியோவில் யாரோ கூப்பிடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் ஏதோ கேட்பார். திரும்பி வந்து ஒரு வரி தள்ளித் தொடர்வோம். நடுவில் தடைபட்டால் முதல் வரியிலிருந்து ஆரம்பியுங்கள். பின்னால் யார் காத்திருந்தாலும் காத்திருக்கட்டும்.

செலக்டர் எங்கே இருக்கிறது என்பதும் சாதாரண விஷயமில்லை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டிய லாங்-ஈஸி விமானத்தில் செலக்டர் அவருடைய இடது தோளுக்குப் பின்னால், அடையாளம் எதுவும் எழுதப்படாமல் இருந்தது. அதைத் திருப்ப முயன்றதில் கவனம் சிதறி விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்றே விசாரணை சொன்னது. எட்டாத செலக்டர் உள்ள விமானத்தை யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், 300 அடியில் எஞ்சின் நின்றேவிட்டால்? முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள். 172-இல் வேகம் சுமார் 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) இருக்கட்டும். தரையைத் தொட அரை நிமிடம்கூட இருக்காது. ரன்வேக்குத் திரும்ப நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் திரும்பினால் வேகம் குறைந்து ஸ்டால் ஆகிவிடலாம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போய்விடலாம். முன்னால் தெரிவதில் சற்று இடமோ வலமோ இருக்கும் நல்ல இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விமானம் நிதானப்பட்ட பிறகுதான், நேரம் மிச்சமிருந்தால், கை செலக்டருக்குப் போகலாம்.